தேதி வரட்டும்

கோர்ட்டில் பெயர் கூப்பிடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் அந்த வராந்தாவில் ஒரே ஒரு காலைப்பொழுது நின்று பார்த்திருக்க வேண்டும். கதவுக்கு வெளியே கையில் பட்டியலோடு அவர் நிற்பார். ஒரு பெயரைக் கூப்பிடுவார். ஐந்து எண்ணும் நேரம் பொறுப்பார். மறுபடி கூப்பிடுவார். மறுபடி பொறுப்பார். மூன்றாவது தரமும் கூப்பிட்டு ஆள் வரவில்லை என்றால்தான் உள்ளே போய் வரவில்லை என்று சொல்வார். டீக்கடையில் நின்றவனுக்கும், கழிவறையில் இருந்தவனுக்கும், பயத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தவனுக்கும் அந்தக் குரல் போய்ச் சேரும். கத்த மாட்டார். ஆனாலும் சேரும். முப்பத்தொரு வருடம் இப்படிக் கூப்பிட்டதில் சொந்தப் பெயரே அவருக்கு மறந்துவிட்டது என்று கிண்டல் செய்வார்கள். ஊருக்கு அவர் கூப்பிடுகாரர்.

ஒரு முறை, நேரமாகிறது, ஒரு தரம் கூப்பிட்டால் போதும் என்று நீதிபதியே சொல்லிவிட்டார். கூப்பிடுகாரர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து மூன்று தரம் கூப்பிட்டார். "விதியில மூணுன்னு இருக்குங்க ஐயா" என்றார். அதற்கு ஒரு மெமோ வாங்கினார். அந்த மெமோவை வீட்டுக்கு எடுத்துவந்து, ஏதோ பதக்கம் போல அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவர் அந்த முயலுக்குச் சட்டப் புத்தகத்தைக் காட்டி மூன்று கால் என்று நிரூபிக்கிற ரகம். அப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் மனைவியைக் கேட்டால்தான் தெரியும். அவள் சொல்ல மாட்டாள்.

மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் அவளை அவர் 'எக்ஸ்சேஞ்சு' என்று கூப்பிடுவார். "எக்ஸ்சேஞ்சு, காப்பி உண்டா?" என்பார். "லைன் பிஸி" என்பாள் அவள். பத்தொன்பது வயதில் அவளுக்குக் கண் போயிற்று. திடீரென்று போகவில்லை. ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஆறு மாதத்தில், எழுத்து எழுத்தாகப் போயிற்று. பதினோராம் அத்தியாயத்தைப் புத்தகத்தை மூக்கில் இடித்துக்கொண்டு படித்து முடித்தாள். அதில் பெட்டியைப் பூட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கிய பெண் இருட்டில் நடக்கிறாள். பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கிறது. உள்ளேயிருந்து ஒரு கை நீள்கிறது. அங்கே அத்தியாயம் முடிந்தது, அவளுக்கு வெளிச்சமும் முடிந்தது. புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிப் போயிற்று. பிறகு அது எங்கும் கிடைக்கவில்லை. எழுதியவரின் மகன்களுக்குள் சண்டை. ஒருவன் அச்சிடலாம் என்றால் இன்னொருவன் கூடாது என்பான். இரண்டு பேருக்கும் அப்பாவின் எழுத்து வேண்டாம், உரிமை மட்டும் வேண்டும்.

"அந்தக் கை யாரோடதுன்னு தெரியாமலே நான் போய்ச் சேர்ந்துடுவேன் போல" என்று கல்யாணமான புதிதில் அவள் சொன்னாள். "நான் தேடிப் பிடிச்சு உனக்குப் படிச்சுக் காட்டறேன்" என்று அவர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்கு இப்போது நாற்பது வயது.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வீடு பிடிக்கவில்லை. கூப்பிட ஆளில்லாத வீடு. காய்கறிக்காரனைக்கூட மூன்று தரம் கூப்பிட்டார். அப்போதுதான் மனைவியின் தம்பி அந்த இணையதளத்தைப் பற்றிச் சொன்னான். பார்வையில்லாதவர்களுக்காகப் பழைய புத்தகங்களைச் சத்தமாகப் படித்து, பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேட்கும்படி போட்டுவைக்கிற இடம். சம்பளம் கிடையாது. அதை நடத்தியவள் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று அவள்தான் முதலில் விளக்கினாள். எழுதியவர் இறந்து அறுபது வருடம் வரை எழுத்து அவருடைய வாரிசுகளுக்குச் சொந்தம். அதன் பிறகு யாருக்கும் சொந்தமில்லை, அதாவது எல்லோருக்கும் சொந்தம், தெருக்குழாய் மாதிரி.

"செத்த தேதியிலேர்ந்து அறுபதா?" என்று கேட்டார் கூப்பிடுகாரர்.

"இல்ல சார். செத்த வருஷம் முடியணும். அதுக்கப்புறம் அறுபது முழு வருஷம். ஜனவரி ஒண்ணாம் தேதிதான் விடுதலை."

அவருக்கு இது தேனாக இனித்தது. தேதி உள்ள எதுவும் அவருக்கு இனிக்கும். அந்த வருடத்திலிருந்து ஜனவரி ஒன்று அவர்கள் வீட்டில் ஒரு தனி நாளாகிவிட்டது. ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் காலை எட்டு மணிக்கு மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, அறுபத்தோரு வருடத்துக்கு முந்திய ஒரு வருடத்தில் இறந்துபோன எழுத்தாளர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு வாசல் கதவருகே போய் நிற்பார். ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் கூப்பிடுவார். ஒருவரும் வரமாட்டார்கள்.

"ஆஜராகலை. உரிமை தீர்ந்தது" என்று மனைவி நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொல்வாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இவர்களுக்கு மூளை பிசகிவிட்டது என்று முடிவு கட்டினார்.

படிக்கும் அறை என்பது படுக்கையறைதான். ஞாயிறு மத்தியானங்களில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து படிப்பார். மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பாள். பேசினால் பதிவில் விழுந்துவிடும் என்பதால் கட்டில் கட்டையில் விரலால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் தப்பு, மறுபடி படி. முப்பத்தொரு வருடம் மற்றவர்களை வரவழைத்தவர், அவளுடைய இரண்டு தட்டுக்குக் கட்டுப்பட்டு அதே வரியை ஆறு தரம் படிப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் தளத்தோடு தகராறு வந்தது. வாக்கியங்களுக்கு நடுவே கேட்கும் மூச்சுச் சத்தத்தை வெட்டிவிட வேண்டும் என்பது தளத்தின் வழிமுறை. கூப்பிடுகாரர் விதி என்றால் விதி என்று வெட்ட உட்கார்ந்தார். மனைவி விடவில்லை. "மூச்சை வெட்டாதீங்க. அது இருந்தாத்தான் எதிர்ல ஒரு ஆள் உட்கார்ந்து படிக்கிறாருன்னு எங்களுக்குத் தெரியும். இல்லன்னா சுவர் பேசற மாதிரி இருக்கும்" என்றாள். வாழ்க்கையில் அவர் மீறிய ஒரே விதி அதுதான்.

பதிவுகளை ஏற்றும்போது கணினித் திரையில் மூன்று கட்டங்கள் வரும். முதல் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் படித்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், இதிலிருந்து புதிதாக எதைச் செய்தாலும் அதையும் இதே மாதிரி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். இரண்டாவதில் பெயர் மட்டும் சொன்னால் போதும். மூன்றாவதில் ஒரு நிபந்தனையும் இல்லை. எனக்கு இதில் எந்த உரிமையும் வேண்டாம், இன்றே பொதுச்சொத்து.

"முதல் கட்டத்தைப் போடுங்க சார். எல்லாரும் அதைத்தான் போடறாங்க" என்றாள் தளத்துப் பெண்.

"கொடுக்கறதைக் கொடுத்துட்டு அப்புறம் என்னம்மா நிபந்தனை? பொண்ணைக் கட்டிக்கொடுத்துட்டு அவங்க வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கற அப்பன் மாதிரி இருக்கு."

"நாளைக்கு யாராவது ஏதாவது..."

"எழுதினவனுக்கே உரிமை தீர்ந்துபோச்சு. வாசிச்சவனுக்கு என்ன வந்தது?" என்று சொல்லிவிட்டு மூன்றாவது கட்டத்தில் குறி போட்டார். அதன் பிறகு ஏற்றிய முந்நூற்று நாற்பது மணி நேரத்துக்கும் அதே மூன்றாவது கட்டம்தான். அந்தப் பெருந்தன்மையில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. கொடுப்பதிலும் கர்வம் உண்டு. வாங்குகிறவனுடைய கர்வத்தை ஊர் கண்டுபிடித்துவிடும். கொடுப்பவனுடையதை யாரும் கவனிப்பதில்லை, அவனும் கவனிப்பதில்லை.

பிறகு ஒரு நவம்பரில் தளத்துப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அந்த நாவல் கிடைத்துவிட்டது. தொலைதூரத்து நூலகம் ஒன்றின் பூட்டிய அறையில் ஒரே ஒரு பிரதி. பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாயிற்று. எழுதியவர் இறந்து அறுபது வருடம் அடுத்த மார்ச்சில் நிறைகிறது. சட்டப்படி அதற்கடுத்த ஜனவரி ஒன்றுதான் விடுதலை. அதுவரை அந்தப் படங்களின் கோப்பை வெளியே விடமாட்டோம் என்று தளத்தின் சார்பில் நூலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பதினாலு மாதம்.

"உங்களுக்கு மட்டும் அனுப்பறேன் சார். தளத்துல போட வேண்டாம். வீட்ல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. வீட்டுக்குள்ள படிக்கறதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க வராது."

"படிக்கறதுக்கு வராது. அனுப்பறதுக்கு? எழுதிக் கொடுத்திருக்கேன்னு சொன்னியே?"

அவரே தீர்ப்பும் சொன்னார்.

"வேண்டாம்மா. தேதி வரட்டும்."

மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். டெலிபோன் ஆபரேட்டரின் காது. இரண்டு பக்கத்துப் பேச்சும் அவளுக்குக் கேட்டது. அவர் தொலைபேசியை வைத்ததும், "அவளாத்தானே அனுப்பறேங்கறா" என்றாள்.

"பதினாலு மாசம்தானே. நாப்பது வருஷம் காத்திருந்தே."

"நாப்பது வருஷம் புஸ்தகம் இல்ல, காத்திருந்தேன். இப்ப இருக்கே."

"எக்ஸ்சேஞ்சு, தப்புன்னு தெரிஞ்சு நான் செய்ய மாட்டேன். உனக்கே தெரியும்."

தெரியும் என்பதால்தான் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. மறந்துபோயிற்று என்றாள்.

ஏப்ரலில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெயில் என்றார். மே மாதம் தூசி என்றார். ஜூனில் மைத்துனன் அவரை இழுத்துக்கொண்டு ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போனான். வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சிவப்பு எண்கள். கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். கூரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டோக்கன் எண் நாற்பத்தொன்று. அறை எண் மூன்று."

அவர் நிமிர்ந்தார். மைத்துனன் அவர் முகத்தைப் பார்த்தான். "மாமா, இது உங்க குரல்!"

அவருடைய குரல்தான். நல்ல நாளில், கோர்ட்டு வராந்தாவில் நின்ற குரல். அவர் வாழ்நாளில் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார். நாற்பத்தொன்று. முப்பத்தொரு வருடம் ஊரைக் கூப்பிட்டவரை அவருடைய குரலே கூப்பிட்டது. அதுவும் ஒரே ஒரு தரம். அவர் எழுந்து போவதற்குள் நாற்பத்திரண்டைக் கூப்பிட்டுவிட்டது.

தொண்டையில் இருந்தது கெட்டது என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. சில வாரங்களில் குரல்வளையை மொத்தமாக எடுக்க வேண்டும் என்றார்கள். கூரைக் குரலைப் பற்றித் தெரியப் பத்து நாள் ஆயிற்று. தளத்துப் பெண் விசாரித்துச் சொன்னாள். ஒரு கம்பெனி அவருடைய முந்நூற்று நாற்பது மணி நேரத்தையும் இறக்கி, கணினிக்குப் பழக்கி, எதை எழுதிக் கொடுத்தாலும் அவர் குரலில் படிக்கும்படி செய்துவிட்டது. அதற்கு 'முதியவர், நம்பகமானவர்' என்று பெயர் வைத்திருக்கிறது. தானமாக வந்த மாட்டை யாரும் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை. இவர்கள் தொழுவத்தோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கேஸ் போட முடியாதா?" என்று மைத்துனன் கத்தினான்.

"குரலுக்குப் பதிப்புரிமைன்னு ஒண்ணு இல்லங்க. பதிவுக்குத்தான் உண்டு. பதிவுல சாருக்கு இருந்த உரிமையை அவரே விட்டுட்டாரு. முதல் கட்டத்தைப் போட்டிருந்தா, நீங்க செஞ்சதையும் திறந்துவிடுங்கன்னு கேட்டுப் பார்த்திருக்கலாம். ஜெயிச்சிருப்போமான்னு தெரியாது, ஆனா கேட்டிருக்கலாம்." அவள் பாவம், நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மனைவியிடம் இதைச் சொல்லக் கூடாது என்று மைத்துனனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நோயை மறைக்கவில்லை. அதைச் சொன்னார், அவள் அழுதாள், அவரும் அழுதார். ஏமாந்ததை மட்டும் மறைத்தார். மனிதர்கள் எதை வெட்கம் என்று நினைக்கிறார்கள் பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முந்திய வாரம் ஒரு மத்தியானம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தளத்துப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தக் கோப்பை அனுப்பு, இருக்கிற கரகரப்பிலாவது படித்துவிடுகிறேன் என்று சொல்லத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தேதியை மீறுவது என்று முடிவு செய்திருந்தார். அவள் எடுத்தாள். இவர் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

"ஹலோ? யாருங்க? ஹலோ, கேக்கலைங்க" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். புது எண்ணிலிருந்து கூப்பிட்டிருந்தார், அவளைக் குறை சொல்ல முடியாது. மூன்று தரம் கூப்பிட்டே காலம் தள்ளிய மனுஷன் அன்றைக்கு இரண்டாவது தரம் கூப்பிடவில்லை. அங்கேதான் அவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு குறுஞ்செய்தி தட்டியிருக்கலாம். மைத்துனனிடம் சொல்லியிருக்கலாம். தேதியை மீற நினைத்ததற்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஆகஸ்டில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்தார்கள், இனி அதன் வழியாகத்தான் மூச்சு.

பேச முடியாத புருஷனும் பார்க்க முடியாத பெண்டாட்டியும் ஒரு வீட்டில் எப்படி இருப்பார்கள்? அவர் எழுதியதை அவளால் படிக்க முடியாது. தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து அவளுக்குத் தெரியும், குத்தி எழுத அவருக்கு அந்த வயதில் விரல் வளையவில்லை. கைபேசியில் தட்டினால் படித்துச் சொல்லும் வசதி இருந்தது. அது ஒரு பெண்ணின் குரல். தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி, "சாப்பிட்டாயா?" என்று கேட்டது. "என் வீட்டுக்குள்ள இன்னொருத்தி பேச வேண்டாம்" என்று மனைவி அதைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டாள்.

ஆக, தட்டல்தான் மிஞ்சியது. அவள் அவருக்குத் தட்டியது போய், இப்போது அவர் அவளுடைய உள்ளங்கையில் தட்டினார். ஒன்று, ஆமாம். இரண்டு, இல்லை. கேள்வி கேட்பதெல்லாம் அவள்தான். சாப்பிடறீங்களா? ஒன்று. வலிக்குதா? இரண்டு. அது பொய் என்று அவளுக்குத் தெரியும். நாற்பது வருடம் பேசித் தீர்த்தவர்களுக்கு இரண்டே இரண்டு சொல் மிஞ்சியது. "எக்ஸ்சேஞ்சு" என்று கூப்பிட ஆளில்லாமல் அவள் தானாகவே லைன் பிஸி என்று ஒரு நாள் சமையலறையில் முணுமுணுத்ததை அவர் கேட்டார். பதில் சொல்ல வாயில்லை.

தம்பி வந்து, "அக்கா, கோப்பை நான் வாங்கறேன். நானே படிச்சுக் காட்டறேன்" என்றான்.

"வேண்டாம்டா. சட்டம்னா சட்டம். தேதி வரட்டும்" என்றாள் அவள். புருஷன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பாமல்தான் சொன்னாள். அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்றுதான் அவளும் சொன்னாள்.

டிசம்பரில் கூப்பிடுகாரர் அந்தக் கம்பெனிக்குப் போனார். மைத்துனன் கூடப் போனான். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, தண்ணீர் பாட்டில். மேலாளர் சின்ன வயசுக்காரன், மரியாதையான பையன். அவரைக் கண்டதும் எழுந்து நின்றான். கூப்பிடுகாரர் கையிலிருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினார். *என் மனைவிக்குக் கண் தெரியாது. என் குரலில் அவளோடு பேச வேண்டும். என் கைபேசியில் போட்டுக் கொடுங்கள்.*

அவன் படித்தான். இரண்டு தரம் படித்தான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. தனி ஆளுங்களுக்கு நாங்க கொடுக்கறதில்ல. நிறுவனங்களுக்கு மட்டும்தான். யார் கையிலயாவது போனா மோசடிக்குப் பயன்படுத்திடுவாங்க, அதுக்காக ஒரு கட்டுப்பாடு."

"அவரு குரலை அவரே மோசடி செய்வாரா?" என்றான் மைத்துனன்.

கூப்பிடுகாரர் அவனைக் கையமர்த்திவிட்டு எழுதினார். *அது என் குரல்.*

"உங்க பதிவெல்லாம் அங்கேயே இருக்கு சார். ஒண்ணுகூடக் குறையல. யாரும் எடுத்துட்டுப் போகல. இப்பவும் யாரு வேணா இறக்கிக்கலாம், நீங்களும்தான். நாங்க செஞ்சது வேற ஒண்ணு. அது எங்க உழைப்பு, எங்க உரிமை." அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. கோர்ட்டு வாசலில் முப்பத்தொரு வருடம் நின்றவருக்கு, அவன் வாதத்தில் ஓட்டை இல்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. தோற்றவர்கள் படியிறங்குவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார்.

வழியனுப்பும்போது அந்தப் பையனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சீட்டைக் கொடுத்தான். "ஜனவரி ஒண்ணாம் தேதி உரிமை முடியற பழைய நாவல்களை எல்லாம் ஒலிப்புத்தகமா விடறோம் சார். உங்க குரல்லதான். சந்தா கட்டணும், ஆனா உங்களுக்கு ஒரு வருஷம் இலவசம். அம்மாவைக் கேக்கச் சொல்லுங்க."

தன் குரலைத் தானே கேட்க இலவசச் சீட்டு. மைத்துனன் அதைக் கிழித்துப் போடப் போனான். கூப்பிடுகாரர் பிடுங்கிக்கொண்டார். சீட்டின் பின்னால் ஒரு பட்டியல் இருந்தது. அதில் நான்காவதாக அந்த நாவல். அதே நூலகத்திடம் இவர்களும் பிரதி வாங்கியிருந்தார்கள்.

ஜனவரி ஒன்று வந்தது. காலை எட்டு மணிக்கு மனைவி வழக்கம் போல நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பட்டியல் இல்லை, கூப்பிட ஆளில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, அந்த எழுத்தாளரின் பெயரை அவளே வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். ஒரே ஒரு தரம்தான், அதற்குள் குரல் உடைந்துவிட்டது. "ஆஜராகலை" என்றாள்.

எட்டே காலுக்குத் தளத்துப் பெண் சொன்ன சொல் தவறாமல் கோப்பை அனுப்பிவிட்டாள். கூப்பிடுகாரர் கைபேசியில் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார். மங்கிய எழுத்து, ஓரத்தில் நூலக முத்திரை. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் முதல் வரியில் உதட்டை அசைத்துப் பார்த்தார். கழுத்துத் துளையில் காற்று சீறியது, அவ்வளவுதான். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். அதிலிருந்த இலவசச் சந்தா எண்ணைத் தட்டினார். பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தேடி அழுத்திவிட்டு, மனைவிக்கு அருகில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

அறையில் அவர் குரல் எழுந்தது.

மனைவியின் கை நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியது. முகத்தைச் சற்று உயர்த்தி, மழைக்கு முகம் காட்டுபவள் போல உட்கார்ந்திருந்தாள். வண்டியிலிருந்து நீண்ட கை ஒரு கிழவனுடையது. அவன் அந்தப் பெண்ணிடம் சந்தைக்கு எப்படிப் போக வேண்டும் என்று வழி கேட்டான். அவள் கையைக் காட்டினாள். வண்டி போய்விட்டது. அவ்வளவுதான். மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். "வழி கேக்கறதுக்கா! இதுக்கா நான் இத்தனை வருஷம்!" கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

அத்தியாயம் முடிந்ததும் உள்ளங்கையை அவர் பக்கம் நீட்டினாள்.

"இது எப்பப் படிச்சீங்க? போன வருஷம் நான் தம்பி வீட்ல மூணு வாரம் இருந்தேனே, அப்பவா?"

அவர் விரல் அவள் கைக்கு மேலே நின்றது.

"அந்தப் பொண்ணுகிட்ட வாங்கிட்டீங்களா? தேதிக்கு முன்னாடியே? எனக்காகவா?"

அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. இந்த மனுஷன் ஒரே ஒரு தடவையாவது தானாகவே விதியைத் தூர வைத்துவிட்டு அவளை முன்னே வைத்தார் என்ற சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்காமல் கேட்ட ஒன்று. இரண்டு தட்டினால் உண்மை. முந்நூற்று நாற்பது மணி நேரமும் அவருடைய உண்மைதான், அதிலிருந்துதான் இந்தப் பொய்யைக் கட்டியிருக்கிறார்கள். தன்னுடையது அல்லாத எதையும் தன்னுடையது என்று அவர் சொன்னதில்லை.

ஒரு தட்டு தட்டினார்.

அவள் அந்த விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். பதின்மூன்றாம் அத்தியாயம் தானாகவே தொடங்கியது. அந்தப் பெண் ஊர் எல்லையைத் தாண்டினாள், ஒரு சத்திரத்தில் இடம் கேட்டாள், இல்லை என்றார்கள். நீளமான வாக்கியங்கள். அவர் படித்திருந்தால் மூன்று இடத்திலாவது நிறுத்தியிருப்பார். குரல் நிற்காமல், தடுமாறாமல் போய்க்கொண்டே இருந்தது. பாதியில் மனைவியின் பிடி தளர்ந்ததை அவர் உணர்ந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஆயிரம் குரல்களைப் பிரித்தறிந்த காது அது. ஒரு தடவை கைபேசி இருந்த பக்கம் திரும்பினாள். பிறகு அவர் இருந்த பக்கம் திரும்பி, அவர் கழுத்தில் இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்த சீறலைக் கேட்டாள். அறையில் மூச்சுச் சத்தம் அது ஒன்றுதான்.

அத்தியாயம் முடிந்தது. அவர் அவசரமாக நிறுத்தினார்.

"ரெண்டு அத்தியாயம்" என்றாள் அவள் மெல்ல. "ஒரு இடத்திலகூட நீங்க மூச்சே விடலையே."

அவர் தட்டவில்லை. ஒன்றும் தட்டவில்லை, இரண்டும் தட்டவில்லை. அவள் தன் கையை அவரிடமிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, போடுங்க" என்றாள். "கதை எப்படி முடியுதுன்னாவது தெரிஞ்சுக்கறேன்."